கூப்பிட்டது உங்களைத்தான், சிஸ்டர்

புது யூனிஃபார்மின் கஞ்சி மொடமொடப்பு போவதற்குள் வார்டில் யாராவது ஒருவர் உங்களை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுவார். நீங்கள் முதல் வருடமா, இருபது வருட சர்வீஸா என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ட்ரிப்ஸ் போட்ட கை வீங்கியிருக்கிறது, வந்து பார்க்க வேண்டும். நர்சிங் படிப்பின் சங்கடம் முழுக்க அந்த ஒரு அழைப்பில் அடங்கியிருக்கிறது. நீங்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள். எதிரே படுத்திருப்பவரோ உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார்.

முதல் வருட மாணவிகளிடம் என்ன கவலை என்று கேட்டால் அனாட்டமி, ஆங்கிலம், இன்டர்னல் மார்க், ஹாஸ்டல் சாப்பாடு என்று அடுக்குவார்கள். அவை எல்லாமே ஆறு மாதத்தில் ஓரளவு அடங்கிவிடும். அடங்காத கவலை ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: என் கையால் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? இந்தப் பயம் இருக்க வேண்டிய பயம். அதை மறைத்துக்கொண்டு, தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, யாருக்கும் சொல்லாமல் செய்து முடிக்கப் பார்க்கும்போதுதான் நோயாளிக்கு ஆபத்து. எங்கெல்லாம் அப்படி மறைக்கத் தோன்றும், அங்கே என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சேரும் முன்

ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பி.எஸ்சி.க்கு மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எதில் சேர்ந்தாலும், படித்து முடித்து நர்ஸாக வேலை பார்க்க மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். ஆகவே கல்லூரிக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன், அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பேருந்து நிலையச் சுவர்களில் "ஒரே வருடத்தில் நர்சிங், உடனடி வேலை" என்று ஒட்டியிருப்பதை நம்பிக் கம்மலை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உதவியாளர் வேலைக்கான குறுகிய காலப் பயிற்சியில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை முடித்தால் நர்ஸாகப் பதிவு கிடைக்காது. சேர்க்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கை விரிப்பதும் பெட்பேன் வைப்பதும்

முதல் சில வாரம் ஏமாற்றமாக இருக்கும். ஊசி போடப் போகிறோம் என்று வந்தவரிடம் படுக்கை விரி, தலை சீவிவிடு, ஸ்பாஞ்ச் பாத் கொடு, பெட்பேன் வை என்பார்கள். வீட்டில் சொன்னால், "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம்?" என்று அப்பா கேட்பார். பக்கத்து வீட்டு அத்தை இன்னும் ஒரு படி மேலே போவார்.

அத்தையை விடுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைத் துடைத்துவிடும் பத்து நிமிடத்தில் அவர் உடம்பு முழுவதையும் பார்க்க முடிகிறது. ரவுண்ட்ஸில் வருகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதுகின் அடியில் இடுப்பெலும்பு முட்டும் இடம், குதிகால், பின்மண்டை, முழங்கை, இங்கெல்லாம் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். மாநிறமும் கறுப்புமான நம் ஊர்த் தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, நிறம் மங்கி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அன்றைக்கே சொல்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தால் ஆறிவிடும். ஒரு வாரம் யாரும் பார்க்காமல் விட்டால் எலும்பு தெரியும் பள்ளமாகிவிடும். ட்ரிப்ஸ் இறங்கும் இடத்தில் வீக்கம், சிறுநீர்ப் பையில் நிறமாற்றம், நேற்றுவரை கையைத் தூக்கியவர் இன்று தூக்காதது எல்லாம் முதலில் படுவது துடைத்துவிடுகிறவர் கண்ணில்தான்.

நாற்றமும் குமட்டலும் உண்மை. வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதீர்கள். டிரெஸ்ஸிங் அறையில் மயங்கி விழும் மாணவிகளில் பாதிப்பேர் காலை டிபனைத் தவிர்த்தவர்கள் என்று எந்த டியூட்டரும் சொல்வார். கண் இருட்டினால், காது அடைத்தால், "மேடம், தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் ட்ரேயோடு விழுவீர்கள். நாலைந்து தடவையில் உடம்பு பழகிவிடும். ஒரு வருடம் கழித்தும் பழகாதவர்களும் உண்டு. புண்ணைப் பார்த்தால் மட்டும் மயங்குகிறவர்கள் பலர் நல்ல சமுதாய நல நர்ஸாக, டியூட்டராக ஆகியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இருபது

கையில் தரப்படும் முதல் பொறுப்பான வேலை டி.பி.ஆர். எடுப்பது. உடல் வெப்பம், நாடி, மூச்சு, கூடவே பி.பி. முப்பது படுக்கைக்கு ஒரு பி.பி. கருவி, அதிலும் கஃப் ஒட்டாது. ரவுண்ட்ஸ் வருவதற்குள் சார்ட் நிரம்பியிருக்க வேண்டும். இந்த நெருக்கடியில் ஒரு கெட்ட வழக்கம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பரம்பரைச் சொத்துப் போல வந்து சேர்கிறது. மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் எல்லோருக்கும் 20 என்று எழுதிவிடுவது. நிமோனியாவில் மூச்சு வாங்குகிறவருக்கும் 20, காலில் மாவுக்கட்டோடு பேப்பர் படிக்கிறவருக்கும் 20.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இயல்பு. நோய் முற்றத் தொடங்கும்போது, பல சமயம் பி.பி. இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே மூச்சின் வேகம் கூடிவிடும். உடம்பு முதலில் அடிக்கும் மணியை நாம் எண்ணாமலே விட்டுவிடுகிறோம். எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். "மூச்சை எண்ணுகிறேன்" என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். 28 வந்தால் 28 என்று எழுதுங்கள். எழுதியதோடு நிற்காமல், போய்ச் சொல்லுங்கள்.

பி.பி. விஷயமும் இப்படித்தான். முதல் சில வாரம் ஸ்டெதஸ்கோப்பில் வார்டின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. கேட்காதது குற்றமில்லை, 120/80 என்று எழுதுவது குற்றம். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு கஃபில் காற்றை ஏற்றுங்கள். நாடி எங்கே மறைகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, காற்றை இறக்கிவிட்டு, மறுபடி அதைவிட 30 கூடுதலாக ஏற்றி, மெதுவாக இறக்கிக்கொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் காதைத் தீட்ட வேண்டும் என்று அப்போது தெரிந்துவிடும். அப்படியும் கேட்கவில்லை என்றால், "எனக்குக் கேக்கல சிஸ்டர், ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

விளக்கேற்றும் விழாவில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுப்பீர்கள். விளக்கோடு வார்டைச் சுற்றிய அந்த அம்மையார் புள்ளிவிவர நிபுணரும்கூட. கிரிமியப் போரில் குண்டடியால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை வரைபடம் போட்டு பிரிட்டிஷ் அரசுக்குக் காட்டினார். ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொஸைட்டியில் உறுப்பினரான முதல் பெண் அவர்தான். அவர் பெயரால் மெழுகுவத்தி பிடித்துவிட்டு, மறுநாள் சார்ட்டில் பொய் எண் எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

"போய்ப் போட்டுட்டு வா"

ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் இது தினசரி நடக்கும். டியூட்டர் வேறு வார்டில் இருப்பார். ஸ்டாஃப் நர்ஸ் மூன்று அட்மிஷனோடு திண்டாடிக்கொண்டிருப்பார். மருந்து ஏற்றிய சிரிஞ்சை உங்கள் கையில் திணித்து, "எட்டாம் பெட்டுக்குப் போய்ப் போட்டுட்டு வா" என்பார். நீங்கள் இதுவரை ஊசி போட்டது டெமோ லேபின் பொம்மைக்கு மட்டும்.

மறுத்தால் திட்டு விழும், போட்டால் பயம். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் அந்த நேரத்தில் வாய் வரும்: "சிஸ்டர், இதை லேப்லதான் செஞ்சிருக்கேன். நீங்க பக்கத்துல நின்னா போடுறேன்." இதில் மறுப்பு இல்லை, வேலை செய்யும் ஆர்வம் இருக்கிறது, உங்கள் எல்லையும் இருக்கிறது. பெரும்பாலான சிஸ்டர்கள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். வர முடியாத அவசரம் என்றால், "அப்ப நான் அந்த அட்மிஷன் பெட்டை ரெடி பண்றேன், இதை நீங்க போட்டுடுங்க" என்று வேலையை மாற்றிக்கொள்ளலாம். இன்னொருவர் ஏற்றிய, லேபிள் இல்லாத சிரிஞ்சை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியாது, உங்களிடம் கொடுத்தவருக்கும் நினைவு தப்பலாம்.

தவறு நடந்துவிட்டால் முதலில் நோயாளியைப் பாருங்கள், அடுத்த நிமிடமே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். தவறான மருந்தைப் பத்தாவது நிமிடத்தில் சொன்னால் மாற்று மருந்துக்கு வழியிருக்கலாம். இரண்டு மணி நேரம் அழுதுவிட்டுச் சொன்னால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் இதே முறைதான். "பாப்பா, எங்கய்யா பொழச்சுக்குவாரா?" என்று ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார். "ஒண்ணும் ஆகாது பாட்டி" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். "எனக்குச் சரியாத் தெரியல பாட்டி, டாக்டர் வந்ததும் உங்ககிட்ட பேசச் சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். நோயாளியை "எட்டாம் பெட்" என்று கூப்பிடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயா, அம்மா, அண்ணா என்று கூப்பிட எந்தச் செலவும் இல்லை. மருந்து கொடுக்கும் முன் மட்டும் முழுப்பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். "முருகேசன்தானே?" என்று கேட்டால் காது கேட்காத கோபாலும் ஆமாம் என்பார்.

கணக்கு

பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு வார்டில் அது திரும்ப வரும். கடினமான கணக்கு இல்லை. பெருக்கல், வகுத்தல், தசமப்புள்ளி. ஆனால் இங்கே புள்ளி ஒரு இடம் தள்ளினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

ட்ரிப்ஸை எடுத்துக்கொள்வோம். 500 மில்லி, நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டும். ஐ.வி. செட்டின் உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். 20 சொட்டு செட் என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. அதே ஆர்டர், 15 சொட்டு செட் என்றால் 31. உறையைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, கண் மதிப்பில் சக்கரத்தை உருட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

குழந்தைகள் வார்டில் இன்னும் கவனம் தேவை. பத்து கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லி. மூன்றும் ஒரே மருந்து, கடையில் மூன்றும் கிடைக்கும். "பாராசிட்டமால் 6 மில்லி" என்று மனப்பாடம் செய்து வைத்தவர் டிராப்ஸ் பாட்டிலை எடுத்தால் குழந்தைக்கு நாலு மடங்கு போய்விடும்.

இன்சுலின்தான் எல்லாவற்றையும்விட வில்லங்கமானது. நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு எடுத்தால் நோயாளிக்குள் போவது 25 யூனிட். குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே பிடித்து எண்ணைப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் படிக்கச் சொல்லுங்கள். எழுதும்போது "யூனிட்" என்பதை முழுச்சொல்லாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும். இப்படி நடந்ததால்தான் உலகம் முழுக்க அந்தச் சுருக்கத்தை விலக்கச் சொல்கிறார்கள். அரை என்பதை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுவதும் இதே காரணத்துக்காக.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைப் பற்றி ஒரே வரி: அதை நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, ஒருபோதும்.

ஊசி உங்களைக் குத்தினால்

கோர்ஸ் தொடங்கியதும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். போடாதவர்கள் முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று டோஸ் போட வேண்டும். கடைசி டோஸ் முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கல்லூரியே ஏற்பாடு செய்தால் மகிழ்ச்சி. செய்யாவிட்டால் வகுப்பாகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போதுதான் குத்துகள் அதிகம். மூடாமல் நேராக ஒயிட் கன்டெய்னரில் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளில் கூர்மையானவற்றுக்கு அதுதான் இடம். ரத்தக்கறைப் பஞ்சு மஞ்சளில், டியூபும் கையுறையும் சிவப்பில், கண்ணாடி நீலத்தில். சிவப்புப் பையில் நீங்கள் தூக்கிப் போடும் ஊசி, மாலையில் அந்தப் பையைக் கட்டும் ஆயாம்மாவின் கையில் ஏறும்.

குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். "மேடம் திட்டுவாங்களே" என்று ராத்திரி முழுவதும் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் போய்விடும். திட்டுவார்கள்தான். திட்டிக்கொண்டே எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டருக்கும் அனுப்புவார்கள்.

திட்டும் அதற்கு மேலும்

வார்டில் திட்டு விழாத மாணவி கிடையாது. நோயாளி எதிரிலேயே விழும்போது வலிக்கும். அன்று ராத்திரி அந்தத் திட்டைப் பிரித்துப் பாருங்கள்: அதில் வேலையைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? "கை கழுவாம ஏன் தொட்டே?" என்பது உபயோகமான திட்டு. "உன்னையெல்லாம் யாரு நர்சிங் சேரச் சொன்னா?" என்பதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரே ஆள் தினமும் இரண்டாவது வகையையே வீசினால், தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு கிளாஸ் கோ-ஆர்டினேட்டரிடம் இரண்டு மூன்று பேராகப் போய்ச் சொல்லுங்கள். தனியாகப் போனால் புகாராகத் தெரிவது சேர்ந்து போனால் பிரச்சினையாகத் தெரியும். நியாயமில்லை, ஆனால் நடப்பு அதுதான்.

ராகிங் வேறு கணக்கு. தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 தேசிய உதவி எண். பாலியல் சீண்டல் டாக்டரிடமிருந்து வந்தாலும், நோயாளியின் உறவினரிடமிருந்து வந்தாலும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பயிற்சி மாணவியும் அதில் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கிறதா என்று சேர்ந்த வாரமே பார்த்து வையுங்கள்.

முதல் சாவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலையில் உங்களிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தவர் மாலையில் இருக்க மாட்டார். உடலைத் துடைத்து, கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையை உங்களையும் சேர்த்துச் செய்யச் சொல்வார்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். முடித்துவிட்டு வந்து அழுவதும் சரி, அழுகையே வராமல் மெஸ்ஸில் நன்றாகச் சாப்பிடுவதும் சரி. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராமல், வார்டு வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தால் ஒருவரிடம் பேச வேண்டும். டெலி-மானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

ஆண் மாணவர்களுக்கு வேறொரு சங்கடம். பெண்கள் வார்டில் இருக்கவும் முடியாது, இல்லாமல் போஸ்டிங் முடியவும் முடியாது. ஒவ்வொரு முறையும் கேட்டு அனுமதி வாங்குங்கள், பெண் ஸ்டாஃப் ஒருவர் உடனில்லாமல் திரையை இழுக்காதீர்கள். "வேண்டாம் தம்பி" என்றால் வருத்தப்படாமல் நகருங்கள். ஆண்கள் வார்டில் கேதீட்டர் போட நிற்கும் மாணவிக்கும் இதே மரியாதை பொருந்தும்.

தமிழ் மீடியம்

புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து மிரண்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கும் பெண்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. மருத்துவச் சொற்கள் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் புதுசுதான். பாதிக்கு மேல் கிரேக்கமும் லத்தீனும். முடிவைப் பிடித்தால் அர்த்தம் வந்துவிடும். "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி, "எக்டமி" என்றால் வெட்டி எடுத்தல், "ஆஸ்டமி" என்றால் வாசல் வைத்தல். அப்பென்டிசைட்டிஸ், அப்பென்டிசெக்டமி, கொலாஸ்டமி மூன்றும் இப்போதே புரிந்திருக்கும். கேஸ் ஷீட் சுருக்கங்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி யூனிஃபார்ம் பையில் வையுங்கள்: பி.டி. என்றால் நாளைக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால், ஸ்டாட் உடனே, என்.பி.ஓ. வாய்வழி எதுவும் கூடாது. கையெழுத்து புரியாவிட்டால் யூகிக்காமல் கேளுங்கள். எழுதிய டாக்டருக்கே சில சமயம் புரியாது.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட் ஓவரில் நின்று கேட்பதுதான் இருப்பதிலேயே சிறந்த ஆங்கில வகுப்பு. பேசும் முறை பழகியதும் நீங்களே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்: இப்போது என்ன நடக்கிறது, முன்கதை என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். இந்த வரிசையில் சொன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்பட்ட டாக்டரும் எரிந்து விழ மாட்டார். நோயாளியிடம் பேசும்போது நீங்கள்தான் வகுப்பில் முதல் ஆள். இங்கிலீஷ் மீடியம் தோழி "ஃபாஸ்டிங்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போன இடத்தில், "நாளைக்குக் காலையில ரத்தம் எடுக்கிறவரைக்கும் பச்சத் தண்ணி மட்டும் குடிக்கலாம், காபி கூடாது" என்று புரியவைப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

உடம்பு, லீவு, ஃபோன்

நின்றுகொண்டே செய்யும் வேலை. பட்டையான, மூடிய, ஒரு சைஸ் தாராளமான ஷூ வாங்குங்கள், அழகு இரண்டாவது. நோயாளியைத் தூக்கும்போது தனியாகத் தூக்காதீர்கள், இருபது வயதில் பிடித்த இடுப்பு ஓய்வு பெறும்வரை விடாது. மாதவிலக்கு நாளில் நிற்க முடியாவிட்டால் டியூட்டரிடம் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லிக்கொடுப்பதே உடம்பைப் பற்றிய படிப்பு. நைட் டியூட்டி முடிந்து வந்தால் ஃபோனைத் தூர வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

லீவைக் கணக்குப் பார்த்து எடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி தேர்வெழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் பட்டமோ சான்றிதழோ கைக்கு வர பிராக்டிகலில் 100 சதவீதம் வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த நாலு நாள் போஸ்டிங்கும் கடைசியில் ஈடு செய்ய வேண்டியதுதான். தோழிகள் எல்லாம் வேலைக்குப் போனபின் நீங்கள் மட்டும் வார்டில் நிற்க நேரும்.

வார்டில் ரீல்ஸ் எடுக்காதீர்கள். பின்னால் மங்கலாகத் தெரியும் நோயாளி, அவருடைய கேஸ் ஷீட், அறுவை சிகிச்சை அறை எதுவும் உங்கள் ஸ்டேட்டஸுக்குச் சொந்தமில்லை.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் அதற்கான வேலையை இரண்டாம் வருடத்திலேயே தொடங்கலாம். ஜெர்மனிக்கு மொழியில் பி2 நிலை வரை போக வேண்டும், அது ஒரு விடுமுறையில் முடிகிற காரியமில்லை. ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன் அவரிடம் மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரியுங்கள். உள்ளூரில் அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸுக்கு நார்செட். எல்லாவற்றுக்கும் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பார்கள், ஆகவே ரிசல்ட் வந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

ரெக்கார்டு, லாக் புக் கையெழுத்துகளை மட்டும் அன்றன்றே வாங்கிவிடுங்கள். பிரசவ வார்டில் நீங்கள் கூட நின்று பார்த்த பிரசவத்துக்கு ஆறு மாதம் கழித்துக் கையெழுத்துக் கேட்டுப் போனால், அந்த சிஸ்டர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போயிருப்பார்.